நமக்கும் ஒரு தீவு உண்டு

இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே வைட் என்று ஒரு தீவு இருக்கிறது. விக்டோரியா மகாராணி 1901-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி காலமானது அத்தீவிலுள்ள மாளிகையில்தான். கடலில் நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளும், பல வர்ண மணல் அடுக்குகளும் அதன் கடற்கரைக்குப் பேர்போனவை. ஒரு நாள் வகுப்பில் பழைய படப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் வெகு உற்சாகமாக வர்ணித்துக் கொண்டிருந்தேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், நமக்குத் தீவு கிடையாதா?" என்று கேட்டான்.

"ஏன் இல்லை? ராமேசுவரம் தீவுதானே!" என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம் என்றேன். நாற்பது பேரில் ஒன்பது கைகள்தான் உயர்ந்தன. எனக்குத்தான் வெட்கமாயிருந்தது.

பையன்கள் மேல் குற்றமில்லை. 1985-ம் வருஷம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவை மூன்றாகப் பாகப்பிரிவினை செய்தபோது, கடல் முழுவதும் ராமநாதபுரத்தார் பங்குக்குப் போயிற்று. விருதுநகரத்தாராகிய நமக்குக் கரிசல் மண்ணும் வெயிலும் கிடைத்தன. அந்த வெயிலை மூலதனமாகக் கொண்டுதான் சிவகாசி தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கிறது. ஆனால், பாகம் பிரிந்தால் உறவும் அற்றுப்போக வேண்டுமா?

ஆகவே, சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சாத மூட்டைகளுடன் விடியுமுன் புறப்பட்டோம். அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் கடந்து பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் பையன்களின் கூச்சல் அடங்கிவிட்டது. இரு புறமும் நீலக் கடல். 1914-ல் திறந்த ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டது. 2025-ல் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது.

முதலில் குந்துகால் கடற்கரை. மேல்நாடுகளில் நம் தேசத்தின் பெருமையை நிலைநாட்டித் திரும்பிய சுவாமி விவேகானந்தர், இலங்கையிலிருந்து 1897 ஜனவரி 26-ந் தேதி வந்து இறங்கியது பாம்பனில்தான். பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். படப் புத்தகத்துத் தீவில் ஒரு மகாராணி கண்மூடிய கதையை அறிந்த பையன்கள், தங்கள் தீவில் நடந்த இந்த வைபவத்தை அன்றுதான் கேட்டார்கள்.

பிறகு தனுஷ்கோடி. ஒரு பக்கம் பாக் நீரிணை குளம் போல் கிடக்கிறது. மறுபக்கம் மன்னார் வளைகுடா தென்மேற்குக் காற்றில் குமுறுகிறது. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் இவ்வூரார் சொல்லுகிறார்கள். சாலையெல்லாம் காற்று வாரியிறைத்த மணல். மணலில் தோண்டிய சிறு ஊற்றிலிருந்து மீனவ மூதாட்டி ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, "குடிங்க தம்பி, உப்பு கரிக்காது" என்றாள். குடித்துப் பார்த்தோம். இரண்டு உப்புக் கடல்களுக்கு நடுவே நல்ல தண்ணீர்தான் அது!

இந்த இடம் ஒரு காலத்தில் ரயிலும் துறைமுகமும் உள்ள பட்டணம். சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் வந்த ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. கூரையிழந்த மாதாகோயில் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் சாய்ந்துகொண்டு சிலர் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

தீவு கேட்ட பையன் மட்டும் உள்ளே போகாமல் நின்றான். ஏன் என்று கேட்டேன். "எங்க ஊர்லேயும் இப்படி ஒரு சுவர் நிக்குது, ஸார்" என்றான்.

அவன் தாயார் பட்டாசு வேலை செய்பவர். கூரை பறந்து சுவர் மட்டும் மிஞ்சிய அறைகளை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் அறிவார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று ஆசிரியர் தினம்.

பையனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை. திரும்பும் வழியில்தான் சொன்னேன்: "புயலைத் தடுக்க மனிதனால் ஆகாது. வருமுன் அறிந்து விலக மட்டும் இப்போது கற்றிருக்கிறோம். வெடி விபத்து அப்படியல்ல. ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் அடைக்காமலிருந்தால், விதிகளை ஏட்டோடு நிறுத்தாமலிருந்தால், பெரும்பாலும் தடுக்கலாம். அதை விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை."

நேயர்களே! குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அந்தக் கரைக்குப் போய் வாருங்கள். குப்பையைத் திரும்பக் கையோடு கொண்டுவாருங்கள். அந்தச் சுவர்களுக்கு முன்னால் ஒரு நிமிஷமாவது மௌனமாக நில்லுங்கள்.

அந்தப் பையன் ஒரு சங்கைத் துணியில் முடிந்து வைத்திருந்தான். "அம்மாவுக்கு, ஸார். அவங்க கடலைப் பார்த்ததில்லை" என்றான். அடுத்த பிரயாணத்தில் அந்த அம்மாளுக்கும் ஓர் இடம் உண்டென்று வாக்களித்திருக்கிறேன்.