விளக்கை வணங்கிக் கணக்கை மறைத்தவர்கள்

"ஊசி போடுகிற பெண்ணுக்கு முதுகலைப் பட்டம் எதற்கு?"

ஸ்ரீமுஷ்ணத்துத் திண்ணையிலும் இக்கேள்வி எழுகிறது. சென்னைச் சீமான்களின் மாளிகையிலும் எழுகிறது. குரல் வேறு, கேள்வியின் குலம் ஒன்றே! "உனக்கு உரியது இவ்வளவுதான்" என்று அன்று பிறப்பைக் காட்டிச் சொன்னவர்கள், இன்று பணியைக் காட்டிச் சொல்கின்றனர்.

திருமுட்டம் என்றும் வழங்கும் அவ்வூரிலே, பூமியையே தூக்கி நிறுத்திய வராகத்துக்குக் கோயில் உண்டு. பூமியைத் தூக்கிய கதையை நம்ப முடிகிறது. சாகக் கிடப்பவரைத் தூக்கி நிறுத்தும் பெண்ணின் அறிவை நம்பத்தான் மனம் வரவில்லை!

தோழர்களே, இந்த இகழ்ச்சியின் வேரைத் தேடுங்கள். ஊரெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவள் யார்? நாவிதர் குடியிற் பிறந்த மருத்துவச்சி. குழந்தையை ஏந்திய அவள் கைக்கு ஊர் தந்த பட்டம் என்ன? தீட்டு! உயிர் காக்க அவள் வேண்டும். உட்காரத் திண்ணை கிடையாது. குருதியைத் தொடுவது இழிவு என்ற அந்த எண்ணமே, செவிலியரை ஏவலாள் என்று இன்றும் எண்ண வைக்கிறது.

"செவிலியர் தேவதை அன்றோ!" என்பர் சிலர். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், பதவி வேண்டாம் என்பதற்காகவே சூட்டிய பெயர் அது. பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கையில் விளக்கைக் கொடுத்துப் படமாக மாட்டினர். ஆனால் அந்த அம்மையார் கிரிமியப் போரில் காயத்தால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே மிகுதி என்று எண்ணிக் காட்டி, 1858-இல் வரைபடமாக்கி, ஆட்சியாளரை அசைத்தவர். விளக்கை வணங்கினர், கணக்கை மறைத்தனர்!

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1946-இலேயே செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தில்லியிலும் அதே ஆண்டு. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில், லொரெட்டா போர்டு எனும் செவிலியர், ஹென்றி சில்வர் எனும் குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியை உருவாக்கினார். நோயாளியைச் சோதித்து, நோயறிந்து, வகுத்த நெறிப்படி சிகிச்சை தரும் செவிலியர் அவர். அரை நூற்றாண்டுக்குப் பிறகே இந்திய செவிலியர் மன்றம், தீவிர சிகிச்சைக்கென இரண்டாண்டு முதுகலைப் பயிற்சியை வகுத்தது. கற்பிக்கப் போவதற்கு மட்டுமன்று, நோயாளியின் கட்டிலருகே நின்றே தலைமை ஏற்பதற்கான படிப்பு அது.

"அனுபவம் போதாதா?" என்பர். அருகே விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைப் பாருங்கள்! சூளை ஏறாத களிமண் பீங்கான் ஆகுமா? அனுபவம் மண், கல்வி நெருப்பு. மண் இல்லாத நெருப்பும் வெறும் அனலே. ஆகவேதான் பட்டத்தோடு பணியனுபவமும் உள்ளவர்க்கே அப்பயிற்சி.

"மருத்துவர் நாற்காலியைப் பறிக்கவா?" என்பர். அன்று! இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலை முதலில் காண்பவர் செவிலியர். கண்டதைப் புரிந்து, உடனே செய்யத்தக்கதைச் செய்யும் அறிவும் அதிகாரமும் அவருக்கு இருந்தால், பிழைப்பவர் நோயாளி. இதில் மருத்துவருக்கு என்ன இழப்பு?

உலகின் சுகாதாரப் பணியாளரில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள். தலைமை இடங்களிலோ 25 விழுக்காடுதான். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. உழைக்க எழுபது, ஆள இருபத்தைந்து! இதுவா நீதி?

ஆட்சியாளருக்கும் ஒரு சொல். 2015-இல் தமிழகத்தில் தேர்வெழுதி வென்ற ஆயிரக்கணக்கான செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட நேர்ந்தது. 2020 மே 3-ஆம் நாள் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. மலர் மாலையில் வாடும். பணி நிரந்தரம் வாடாது! பட்டம் வகுத்தால் போதாது. அதற்குரிய பதவியும், ஊதியமும், படிப்பு விடுப்பும் வகுக்கப்பட வேண்டும். பதவியில்லாப் பட்டம் படகில்லாத் துடுப்பு.

படிக்கலாமா என்று தயங்கும் தங்கையே! படி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படிக்காதே. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை அதற்கு உண்டா, காகிதத்தில் மட்டுமா? கட்டணம் உன் வீட்டை விழுங்குமா? கேள், கேட்டுத் தெளிந்து சேர். சேர்ந்தபின், உன் அறிவுக்குரிய இடத்தைச் சங்கமாய்த் திரண்டு கேள்.

இளைஞனே, உனக்கும் வேலை உண்டு. உன் வீட்டுப் பெண், "மேலே படிக்கிறேன்" என்னும்போது, "கல்யாணம் தள்ளிப் போகுமே" என்று முணுமுணுப்பவர் முன் எழுந்து நில். மேடையில் பேசிய பகுத்தறிவு, வீட்டுக் கூடத்தில் வாய் திறக்கட்டும்!