மாற்றினாலும் மூலத்தைக் காப்போம்



எங்கள் இல்லத்தில் தந்தையாரின் வண்ண நிழற்படம் ஒன்று இருந்தது. 1996-ஆம் ஆண்டில் அதனைக் கணிப்பொறியில் ஏற்றி, பி.எம்.பி. என்னும் வடிவில் சேமித்தோம். அகலத்தில் 640, உயரத்தில் 480, ஆக 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டியிருந்தமையால், கோப்பு ஒன்பது லட்சம் பைட்டுகளைக் கடந்தது. அக்காலத்து 1.44 மெகாபைட் பிளாப்பியில் அத்தகைய படம் ஒன்றே அடங்கும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணிய நான், அதனை ஜிஃப் வடிவிற்கு மாற்றிவிட்டு, மூலக் கோப்பை அழித்துவிட்டேன். பின்னர் காகிதப் படத்தையும் கரையான் அரித்தது. இன்று எஞ்சியிருப்பது, கன்னங்களில் நிறம் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு முகமே.

பிழை எங்கே நேர்ந்தது? மூலக் கோப்பு 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்கு இடமளித்தது. 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் வடிவமோ, சாதாரணமாக ஒரு படத்திற்கு 256 நிறங்களையே ஏற்கும். கோட்டுச் சித்திரத்திற்கு அது போதும். கறுப்பு வெள்ளைப் படத்தின் சாயல்களும் அதற்குள் அடங்கிவிடும். மனித முகத்தின் மெல்லிய நிறபேதங்கள் அடங்குவதில்லை.

பி.சி. பெயிண்ட்பிரஷ் மென்பொருளுக்கென இசட்சாஃப்ட் நிறுவனம் அமைத்த பி.சி.எக்ஸ். வடிவம் வேறு வழியில் சுருக்கும். நாற்பது தேங்காய்களைத் தனித்தனியே எழுதாமல், "தேங்காய் 40" என்று கணக்குப்பிள்ளை குறிப்பதைப்போல, அடுத்தடுத்து வரும் ஒரே நிறப் புள்ளிகளை எண்ணிக்கையாக எழுதும். இதில் எதுவும் இழக்கப்படுவதில்லை. 1992-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக் அவ்வாறன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை அது விட்டுவிடும். அப்படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு பெருகும்.

ஆகவே, பழைய பி.எம்.பி., பி.சி.எக்ஸ்., ஜிஃப் படங்களை மாற்ற விரும்புவோர், 1996-இல் வெளிவந்த பி.என்.ஜி. வடிவத்தைத் தேர்ந்துகொள்வது நலம். அது இழப்பின்றிச் சுருக்கும். ஆயினும், முன்பே இழந்த நிறங்களை அதனாலும் மீட்டுத்தர இயலாது.

சிலர் கோப்பின் பெயரிலுள்ள கடைசி எழுத்துகளை மட்டும் திருத்திவிட்டு, வடிவம் மாறிவிட்டதென எண்ணுவர். இது புட்டியின் மேற்சீட்டை மாற்றுவது போன்றதே; உள்ளிருக்கும் மருந்து மாறுவதில்லை. இர்ஃபான்வியூ, கிம்ப் போன்ற மென்பொருள்களில் படத்தைத் திறந்து, புதிய வடிவில் வேறொரு பெயரில் சேமித்தல் வேண்டும். பின்னர் இரண்டையும் அருகருகே வைத்து, முகத்தையும் ஆடையின் நிழல்களையும் உற்று நோக்குங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அன்று பிளாப்பிக்குப் பெருஞ்சுமையாக இருந்த அந்த ஒன்பது லட்சம் பைட்டுகள், இன்றைய கைப்பேசிக்கு ஒரு பொருட்டே அல்ல. உங்கள் பெட்டியில் பழைய பிளாப்பியோ குறுந்தட்டோ உறங்கிக்கொண்டிருப்பின், அது பழுதாகுமுன் எடுத்துப் பாருங்கள். எனக்கு நேர்ந்த இழப்பு உங்களுக்கும் நேர வேண்டாம்.