எனாமல் மறுபடி வளருமா?

காலை ஆறு மணி நிகழ்ச்சி என்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். அதற்காகவே எட்டு வருடமாக மைக் பக்கத்தில் எனக்கு ஒரு ஃபிளாஸ்க்: வெந்நீர், எலுமிச்சை, தேன். ஒவ்வொரு பாட்டு ஓடும்போதும் ஒரு மிடறு. பத்து மணி வரை இதே கதைதான்.

போன மாதம் ஐஸ் கச்சாங் ஒரு வாய் வைத்தேன். முன்பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொத்தை இல்லம்மா. எனாமல் கரைஞ்சிருக்கு. புளிப்பா ஏதாவது அடிக்கடி குடிக்கிறீங்களா?" என்றார் பல் டாக்டர்.

ஃபிளாஸ்க் கதையைச் சொன்னேன். "மறுபடி வளருமா டாக்டர்?"

"வளராதும்மா."

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். உடம்பிலேயே கெட்டியான பொருள் எனாமல்தான். எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கட்டிய அணுக்கள், பல் ஈறை விட்டு வெளியே வருவதற்குள் மறைந்துவிடுகின்றன. வீட்டைக் கட்டி முடித்த கொத்தனார் ஊரைவிட்டே போன மாதிரி. அப்புறம் ஓட்டை விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

அந்தக் கொத்தனார் வேலையைத்தான் சீன விஞ்ஞானிகள் செய்து பார்க்கிறார்கள். எனாமலில் உள்ள கனிமத்தைத் தயாரிப்பது பெரிய விஷயமில்லை. அதன் படிகங்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவே, அந்த அடுக்கைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். 2019இல் செஜியாங் பல்கலைக்கழகக் குழு, கால்சியம் பாஸ்பேட்டை மிகமிகச் சிறிய திரள்களாக்கிப் பல்மேல் பூசியது. 48 மணி நேரத்தில் பழைய படிகத்தின் மேலேயே, அதே வரிசையில், புதுப் படிகம் வளர்ந்தது!

படித்ததும் துள்ளினேன். அடுத்த வரியில் அடங்கிவிட்டேன். வளர்ந்தது மூன்று மைக்ரோமீட்டர்கூட இல்லை. கடைவாய்ப் பல்லின் மேல்புறத்தில் எனாமல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். கணக்குப் போட்டால் எழுநூறு மடங்கு!

2022இல் பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. பல்மேல் வளர்க்காமல், கனிம நுண்கம்பிகளுக்குச் சிர்கோனியா பூச்சு கொடுத்து, ஒரே திசையில் அடுக்கி, செயற்கை எனாமலையே தயாரித்தது. இதுவும் ஆய்வுக்கூடச் சாதனைதான். என் டாக்டரின் கிளினிக்குக்கு இன்னும் வரவில்லை.

அங்கே கிடைத்தது அறிவுரைதான். புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சாதே, குடிப்பதானால் ஒரேயடியாகக் குடித்துவிடு. பிறகு தண்ணீரில் வாய் கொப்பளி. அரை மணி நேரமாவது பல் துலக்காதே. குடித்த கையோடு துலக்கினால், இளகிப்போன எனாமல் இன்னும் தேயுமாம். நான் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். நேற்று ஒரு நேயர் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார்: "என்ன சிஸ்டர், குரல் கரகரன்னு இருக்கு?"