ரத்தசோகையோட உலகப் போட்டியா?

"சீனாவோட போட்டி போடணும்னா நம்ம ஆளுங்க இன்னும் அதிக நேரம் உழைக்கணும்." டிவி விவாதத்துல இதை எத்தனை தடவை கேட்டாச்சு! ஒரு அரசு மருத்துவரா இதுக்குப் பதில் சொல்லணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 10-ல 4 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். போனும் ஷூவும் இங்கே தயாராவது வரிச்சலுகைக்காக மட்டும் இல்லைங்க. சலுகையை எந்த மாநிலமும் தரும். தடுப்பூசி போட்டு, பள்ளிக்கூடத்துல மதியம் சாப்பிட்டு, பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க எல்லா ஊர்லயும் கிடைக்க மாட்டாங்க. 1982-ல சத்துணவுத் திட்டம் வந்தப்போ வீண் செலவுன்னு சொன்னவங்க உண்டு. அந்தச் சோறும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து வளர்த்ததைத்தான் இன்னைக்கு கம்பெனிகள் 'திறமையான மனிதவளம்'னு சொல்லுது.

சரி, அந்த மனிதவளம் இப்போ எப்படி இருக்கு? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53% பேருக்கு ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்துட்டுப் போறது ஹீமோகுளோபின். 12 இருக்க வேண்டிய இடத்துல 8 இருந்தா மூச்சு வாங்கும், கவனம் சிதறும். அவங்களை இன்னும் 2 மணி நேரம் நிக்க வெச்சா என்ன வரும்? ரிஜெக்ட் ஆன பீஸ் வரும்.

1979-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது, இலங்கை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பற்றி. இரும்புச்சத்து கொடுத்து ஹீமோகுளோபின் ஏறினதும் அவங்க ஒரு நாளைக்குப் பறிச்ச கொழுந்தும் கூடிடுச்சு. வேலை நேரத்தை நீட்டி வந்த கூடுதல் இல்ல அது. (இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோட டீ குடிக்காதீங்க, சத்து உடம்புல சேராது.)

ஷிப்ட் முடிஞ்சு நேரா ஓபிக்கு வர்ற பொண்ணுங்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. தண்ணி குடிக்கிறீங்களாம்மான்னு கேட்டா, "குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர், லைன்ல மாத்தி விட ஆள் இல்ல"ங்கிறாங்க. இதுக்கு நான் ஆன்டிபயாடிக் எழுதித் தரலாம். ஆள் போட வேண்டியது யாரு?

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் பெண் ஊழியர்கள் 150 பேருக்கு மேல மருத்துவமனையில. சாலை மறியல். ஆலை சில வாரம் மூடல். விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிளே சொல்லிடுச்சு. சாப்பாட்டுல மிச்சம் புடிச்சவங்க உற்பத்தியில எவ்வளவு விட்டாங்கன்னு அவங்களே கணக்கு போடட்டும்.

இதுக்கப்புறமும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் வாபஸ்.

அடுத்த முதலீட்டு ஒப்பந்தத்துல அரசு இதையும் எழுதி வாங்கணும்: லைன்ல மாத்தி விட ஆள், விடுதிச் சமையலறைக்குச் சொல்லாம வர்ற ஆய்வு, வருஷத்துக்கு ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட். டெஸ்ட் ரிசல்ட் அந்தப் பொண்ணு கைக்குத்தான் போகணும், எச்.ஆர் மேஜைக்கு இல்ல.