தட்டில் மூன்று காலி இடம்

அலமாரியின் இரண்டாம் தட்டில் 14 மைப்புட்டிகள் நிற்கின்றன. ஓரத்தில் இன்னும் மூன்றுக்கு இடம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து திருத்தணி மூச்சு விட்ட அன்று, அந்த மூன்று இடத்துக்கு என்ன நிறம் வாங்கலாம் என்று ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "இருக்கிறதை முதல்ல எழுதித் தீர்த்துடுங்க."

நியாயமான பேச்சுதான். கணக்குப் போட்டேன். என் எபோனைட் பேனா ஒரு தடவைக்கு இரண்டரை மில்லி குடிக்கும். 30 மில்லி புட்டி 12 தடவைக்கு வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் ஒரு புட்டி ஆறு மாதம். அப்படியானால் 14 புட்டிக்கு ஏழு வருடம். எனக்கு இப்போது 66. கணக்கு எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பேனா விஷயத்தில் எங்கள் ஊருக்கு அதிர்ஷ்டம் உண்டு. அரக்கோணம் போய் மின்சார ரயில் மாறினால் திருவள்ளூர். கையால் கடைந்து செய்யும் ரங்கா பேனாக்கள் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. வடக்கே ஆந்திரத்துக்குள் போய்க்கொண்டே இருந்தால் ராஜமுந்திரி. காந்தியின் தூண்டுதலால் கோசூரி வெங்கட ரத்னம் 1930-களில் செய்யத் தொடங்கிய ரத்னம் பேனாவின் ஊர் அது. ரப்பரில் கந்தகம் சேர்த்து இறுக்கிய எபோனைட் இரண்டு ஊருக்கும் பெயர் வாங்கித் தந்தது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்புகிற பேனாக்கள். ஆக, பேனாவுக்கு அலையவேண்டியதில்லை. எனக்கு அலைச்சல் மைக்குத்தான்.

நம் நாட்டில் மையின் நிறத்தை ஆசைப்பட்டு மட்டும் எடுத்துவிட முடியாது. அதற்கு ஒரு பதவியும் இருக்கிறது. மாணவன் நீலத்திலோ கருப்பிலோ எழுதவேண்டும் என்று பொதுத்தேர்வு வினாத்தாளின் தலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். வாத்தியாருக்குச் சிவப்பு. கெஜட்டட் ஆபீசருக்குப் பச்சை. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டில், பச்சையையும் சிவப்பையும் இணைச் செயலாளரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் மட்டுமே, அதுவும் அபூர்வமாகத் தொடலாம் என்றே விதி இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் இந்த ஞானம் எனக்கு இல்லை. வருகைப் பதிவேட்டில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேலாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பித் தள்ளினார். "ஏம்பா, நீ எப்ப ஆபீசர் ஆன?" என்றார். நீலம் தீர்ந்துபோச்சு சார் என்றேன். பொய். மாவிலை மாதிரிக் கரும்பச்சை, ஆசைப்பட்டு வாங்கியது. அந்தப் புட்டி மேசை இழுப்பறையிலேயே வற்றிப்போய் அடியில் பொருக்குத் தட்டியது. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் கடையில் பச்சைப் புட்டியை எடுக்கக் கை கூசுகிறது. இந்தத் தடவை முதல் இடம் அதற்குத்தான். யாருக்கும் சான்றொப்பம் போடப்போவதில்லை. மளிகைக் கணக்கு எழுதுவேன்.

இரண்டாம் இடம் நீலக்கருப்புக்கு. காரணம், தாத்தாவின் கிரயப் பத்திரம். முழுக்கத் தெலுங்கு. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் எங்கள் பஜாரில் வயதான கடைக்காரர் ஒருவர் மைப்புட்டியை 'சிராபுட்டி' என்றுதான் கேட்டு எடுத்துக் கொடுப்பார். அந்தப் பத்திரத்தின் எழுத்து, நீலக்கருப்பாக இருந்து, இப்போது காய்ந்த புளியின் நிறத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரு எழுத்துகூட அழியவில்லை. என் டைரிகளோ 2015 மழையில் கூரை ஒழுகி நனைந்தன. பள்ளி நாள் பழக்கத்தில் ராயல் புளூவிலேயே எழுதிவந்தவன் நான். பிரித்துப் பார்த்தால் வெளிர்நீலக் கறையும் வரிக்கோடுகளும்தான். மூன்று வருடத்து எழுத்து போயிற்று. சட்டையில் பட்டால் துவைத்ததும் போகவேண்டும் என்பதற்காகவே செய்த மை அது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாத்தா காலத்து மையின் சூத்திரம் நமக்குப் புதிதல்ல. கடுக்காயைக் காய்ச்சி இறக்கிய துவர்ப்பில் அன்னபேதியைப் போட்டால் கருக்கும். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப்பட்டு இரும்பு மாற மாறத் தாளோடு ஒட்டிக் கருக்கும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு இந்த வகை மையைத்தான் வைத்திருந்தார்கள். 1864-ல் தொடங்கிய டயமைன் கம்பெனி இன்றும் 'ரெஜிஸ்டரார்ஸ் இங்க்' என்று ஒன்று விற்கிறது. பேனாவில் காயவிட்டால் மட்டும் நிப்பை அரித்துவிடும். வாரம் ஒருமுறை கழுவினால் போதும். ஓலைச்சுவடிக் காலத்தில் இந்தக் கவலையே இருக்கவில்லை. எழுத்தாணியால் கீறிவிட்டு, அப்புறம் விளக்குக்கரியைத் தடவித் துடைப்பார்கள். கீறலில் தங்கியதுதான் எழுத்து.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். வேண்டாதவை எவை என்பதில் சந்தேகம் இல்லை. மஞ்சள் வேண்டாம். காவடிக்காரர்களின் வேட்டியில் பார்க்க எவ்வளவு அழகோ, தாளில் அவ்வளவு குருட்டு நிறம். ஒருமுறை வாங்கி அடிக்கோடு போட்டே தீர்த்தேன். ஜிகினாத்தூள் கலந்த மை வேண்டாம், அது நிப்புக்குக் கீழே இருக்கும் நாக்கில் மை வரும் பள்ளத்தை அடைத்துவிடும். சிவப்பும் வேண்டாம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரில் சிவப்பு மை வாத்தியார்களுக்கே இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது குவளை நிறம். இந்திரன் இந்த மலையில் ஒரு சுனை உண்டாக்கி நீலோற்பலச் செடி வைத்தான், அது நாளுக்கு மூன்று பூ பூத்தது என்பது எங்கள் தலபுராணம். தணிகைக்கு நீலோற்பலகிரி என்றும் பெயர் உண்டு. 365 படி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும், தெரியவில்லை. சுனையில் பூத்து நான் பார்த்ததில்லை. சுற்றுவட்டார ஏரிகளில் காலையில் விரிந்து பார்த்திருக்கிறேன். இதழின் அடியில் பால் வெளுப்பு, நுனியை நோக்கிப் போகப் போக ஊதா கலந்த நீலம். வெயில் ஏறினால் அந்த ஊதாவும் கொஞ்சம் தணியும்.

ஜப்பானில் பைலட் கம்பெனி 2007-ல் 'இரோஷிசுகு' என்று ஒரு வரிசை மை கொண்டுவந்தது. அதில் ஒன்றின் பெயர் அசகாவோ, அவர்கள் வேலியில் காலையில் பூக்கும் கொடிப்பூ. குவளைக்குப் பக்கத்தில் வருகிற நிறம். விலை ஆயிரத்தைத் தாண்டுகிறது. நம்மிடம் மைக்காரர்கள் இல்லாமலில்லை. தாண்டேகர்கள் 1931-ல் குதிரை மார்க் மைப்பொடியோடு ஆரம்பித்து கேமல் வரை வந்தார்கள். காந்தி சுதேசி மை வேண்டும் என்று கேட்டதன் தொடர்ச்சியாக வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-ல் தொடங்கிய சுலேகா, 1980-களின் கடைசியில் மூடி, 2006-ல் மறுபடி திறந்து, இப்போது சுதேசி, சுயராஜ்யம் என்றெல்லாம் பெயர் வைத்துப் புது நிறங்கள் விடுகிறது. அரசியலுக்கு ஒரு நிறம் வைத்தவர்கள் ஒரு பூவுக்கும் வைத்திருக்கலாம்.

நண்பர்கள் ஐந்தைந்து மில்லி கொடுத்த நான்கு ஊதாநீலங்களை வைத்துச் சோதித்தேன். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து மை வாங்குவது, போட்டோ பார்த்து மாம்பழம் வாங்குவது போலத்தான். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தாளில் தீற்றி, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் டியூப்லைட்டில் ஒருமுறையும் பார்க்கவேண்டும். தாளையும் மாற்றவேண்டும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டி.என்.பி.எல். தாளில் அழகாக நின்ற மை, பேரனின் பள்ளி நோட்டில் வேர்விட்டு அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. அப்புறம் சாக்பீஸ். பள்ளியில் பெஞ்சில் சிந்திய மையை நாங்கள் சாக்பீஸால்தான் ஒற்றி எடுப்போம். இப்போது அதன் அடியிலிருந்து சற்று மேலே ஒரு வளையம் மை வைத்து, மை நனையாதபடி தட்டில் கொஞ்சமாக விட்ட தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீர் ஏற ஏற நிறம் பிரிந்தது. மூன்றில் நீலம் ஒரு பக்கமும் ரோஸ் ஒரு பக்கமுமாகக் குடித்தனம் பிரிந்து போயின. நான்காவது கடைசிவரை ஒரே ஊதாவாக ஏறியது. ஆனால் அதில் குவளையின் வெளுப்பு இல்லை. கத்தரிக்காய் நிறம்.

பேரன் அந்தச் சாக்பீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பச்சைக்கும் நீலக்கருப்புக்கும் பணம் கட்டியாயிற்று. மூன்றாம் இடம் காலியாகவே இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் யாராவது குவளைக்கு நெருக்கமாக ஒரு மை வைத்திருந்தால், புட்டி வேண்டாம், ஒரு ஃபில்லர் கடன் கொடுங்கள். ஆறாம் வகுப்பில் சொட்டுக் கணக்கில் வாங்கிய மைக்கடனையெல்லாம் திருப்பிக் கொடுத்தவன் நான்.