மீனைப் பிடித்து விடுவது பாவமா?

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். எதையும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பாகச் சொல்லிவிடுவார். போன வாரம் அவர் சொன்ன ஒரு தீர்ப்பைத்தான் இங்கே மறுக்கப் போகிறேன்.

பேச்சைத் தொடங்கி வைத்தது என் பள்ளித் தோழன் அனுப்பிய படம். பாண்டிச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் 'சொல்தா' பென்ஷன் வாங்கிக்கொண்டு இப்போது ரெயூனியன் தீவில் இருக்கிறான். நான் அப்பா போன பிறகு அம்மாவோடு இந்தப் பக்கம் வந்து, குரூப் நான்கு எழுதி குமாஸ்தா ஆனேன். அவன் செஷல்ஸ் தீவுகளுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் அளவு கடல் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயைத் தூண்டிலில் கட்டி வீசுகிறார்கள். கூட வரும் வழிகாட்டிதான் மீனை முதலில் பார்த்து, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்வாராம். 'போன் ஃபிஷ்' என்று பெயர், உடம்பெல்லாம் முள். சிக்கியதும் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கொக்கியைக் கழற்றி, திரும்ப விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'நோ கில்'. தங்கள் மொழியில் ஆங்கிலம் கலந்தால் முகம் சுளிக்கிற ஜனங்கள், இதற்கு மட்டும் ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்!

படத்தைப் பார்த்த தலைமையாசிரியர் சொன்னார்: "விடுறதுக்கு எதுக்கு சார் பிடிக்கணும்? பசிக்குப் பிடிச்சா நியாயம். இது பாவம். நம்ம காவிரியில தடை பண்ணது நூத்துக்கு நூறு சரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அந்தத் தடை தவறு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடக எல்லைக்குள், பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகாளி என்று காவிரிக் கரையில் மீன்பிடி முகாம்கள் இருந்தன. அங்கே தேடி வந்தது மகசீர் என்கிற பெருங்கெண்டையை. அதிலும் முதுகு திமில் போல் உயர்ந்த ஒரு வகை, உலகத்திலேயே காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டது. இதற்காகச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குத் தூண்டில் இரை எது தெரியுமா? நம் கேழ்வரகு. களி போலக் கிண்டி, உருண்டை பிடித்துக் கொக்கியில் குத்துவார்கள். கிண்டிக் கொடுத்து, பரிசல் தள்ளி, மீன் நிற்கும் மடுவைக் காட்டியவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். அவர்களில் பலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மீன் உயிரோடு இருந்தால்தான் சம்பளம் என்றானதும் அவர்களே காவலர்களாகிவிட்டார்கள்.

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் 'பிடிப்பதும்' அடங்கும். பிடித்து விட்டாலும் வேட்டைதான் என்று பொருள் கொண்டு, 2012-இல் சரணாலயத்துக்குள் தூண்டிலை நிறுத்தினார்கள். சட்டத்தின் எழுத்துப்படி சரியாக இருக்கலாம். நான் முப்பத்தைந்து வருடம் எழுத்துப்படி வேலை செய்தவன். எழுத்துப்படி சரியாக இருந்து காரியம் கெட்டுப்போன கோப்புகளை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறேன்.

என் வாதம் ஒரு பதிவேட்டைப் பற்றியது. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று எழுதி வைத்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு. பின்னால் விஞ்ஞானிகள் அதை எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். அதில் தெரிய வந்தது என்ன? மொத்தத்தில் மீன் பெருகியிருக்கிறது. ஆனால் பெருகியது நீலத் துடுப்பு மகசீர். அது இந்த ஆற்று மீனே அல்ல. மராட்டியத்தில் லோனாவாலா பண்ணையில் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விடப்பட்டது. நம் திமில் மீனோ காணாமல் போய்க்கொண்டிருந்தது. 2018-இல்தான் அதற்குச் சரியான விஞ்ஞானப் பெயரே உறுதியானது. அதே வருடம் மிக ஆபத்தான அழிவு நிலையில் உள்ள இனம் என்று பட்டியலிட்டார்கள்.

தலைமையாசிரியர் இங்கே என்னை மடக்குவார். "வெளி மீனைக் கொண்டுவந்து விட்டதும் உங்க தூண்டில்காரங்க ஆசைப்பட்டுத்தானே?" என்பார். அதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தூண்டில் போட மீன் பெருகட்டும் என்று செய்தது வினையாகிவிட்டது. ஆனால் அந்தத் தப்பு நமக்கு எப்படித் தெரிந்தது? தப்பில் பங்குள்ளவர்களே எழுதி வைத்த கணக்கால்தான். எந்த அலுவலகத்தில் அப்படிப்பட்ட பதிவேடு உண்டு, சொல்லுங்கள்?

மீனுக்கு வலிக்காதா என்ற கேள்வியையும் நான் தள்ளிவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பது சட்டப்படி கூடாது. அது ஒரு கட்சி. பெலிஸ் என்ற சின்ன நாட்டில் 2009-இல் நேர்மாறாகச் சட்டம் செய்தார்கள்: போன் ஃபிஷ் உட்பட மூன்று வகை மீனைப் பிடித்தால் விட்டே ஆக வேண்டும், தின்னக்கூடாது. அதை நம்பி வழிகாட்டிகள் பிழைக்கிறார்கள். வலி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரில் தோட்டா வெடித்தால் மடுவில் இருக்கும் பெரிசு, சிறிசு, குஞ்சு எல்லாம் சாகிறதே, அந்த வலியை யார் எண்ணுவது? தடை போட்டதும் ஆற்றை விட்டுப் போனவர்கள் தூண்டில்காரர்களும் வழிகாட்டிகளும்தான். தோட்டா போடுகிறவன் எந்தக் காலத்தில் அனுமதி கேட்டு வந்தான்?

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்குப் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் மனு கொண்டுவந்தார். மேலே தோட்டா போடுகிறார்கள், ஆள் நீளத்துக்கு மீன் செத்து மிதந்து வந்தது என்று மனு. அதிகாரி ஓரத்தில் 'ஆதாரம்?' என்று மட்டும் எழுதினார். பெரியவரிடம் கண்ணைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஒத்துப் பார்க்க எங்களிடமும் ஒரு கணக்கும் இல்லை. நான் 'எல்.டிஸ்.' போட்டு மூடினேன். என் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்குத் தெரியும், எல்.டிஸ். என்றால் ஒரு வருடத்தில் கிழித்துவிடலாம். "என்ன தம்பி ஆச்சு?" என்று அவர் இரண்டு முறை வந்து கேட்டார். "பார்த்துக்கிட்டிருக்காங்க ஐயா" என்று பொய் சொன்னேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை.

2014-இல் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளும் காவிரி வடக்கு சரணாலயம் ஆகிவிட்டன. சந்தோஷம். ஆனால் பலகை நட்டால் போதுமா? நாளைக்கு மேகதாதுவில் அணை பற்றி வாதம் வரும்போது, இந்த மீன் எந்த மடுவில் எத்தனை இருக்கிறது என்று யார் சாட்சி சொல்வார்?

நான் கேட்பது பெரிதல்ல. காவிரியின் எல்லைப் பகுதியில், எண்ணிக்கை வைத்து, முள் இல்லாத கொக்கியோடு, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்ற நிபந்தனையில் சில தூண்டில்களை அனுமதியுங்கள். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் திருத்துங்கள். அதற்கும் மனம் வரவில்லையா, தூண்டிலே வேண்டாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் வாரக்கணக்கில் பரிசல் ஓட்டத் தடை. அப்போது அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் ஏது? அவர்களில் பத்துப் பேருக்கு மாதச் சம்பளமும் ஆளுக்கொரு நோட்டும் கொடுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும்.

அந்த நோட்டுகளை மட்டும் எல்.டிஸ். போட்டு மூடாதீர்கள். 'ஆர்.டிஸ்.' போடுங்கள். நிரந்தரமாக இருக்கட்டும்.