சைக்கிள் டயரும் கிருமியின் சுவரும்



சைக்கிள் டியூபைத் தனியே கழற்றிக் காற்றடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசணிக்காய் போலப் புடைத்துக்கொண்டே போய், கடைசியில் வெடித்துவிடும். அதே டியூப் டயருக்குள் இருந்தால் ஆள் பாரத்தையும் தாங்குகிறது.

பாக்டீரியா என்னும் நுண்கிருமியின் உடலமைப்பும் இப்படித்தான். உள்ளே டியூப் போன்ற மெல்லிய சவ்வு. அதைச் சுற்றி டயர் போன்ற சுவர். கிருமிக்குள் உப்பும் புரதமும் செறிந்து கிடக்கின்றன. ஆகவே காய்ந்த திராட்சை தண்ணீரில் ஊறி உப்புவது போல, வெளியிலுள்ள நீர் உள்ளே புகப் பார்க்கும். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்குள் இந்த அழுத்தம், காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு! மோட்டார் கார் டயரில் நாம் அடிக்கும் காற்றோ ஏறக்குறைய 2 மடங்குதான்.

இதைத் தாங்கும் சுவர் உண்மையில் ஒரு வலை. சர்க்கரைச் சரங்களைச் சிறு புரதத் துண்டுகள் குறுக்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்திருக்கின்றன. அதனால் உறுதியும் உண்டு. இழுத்தால் சற்று நீளும் தன்மையும் உண்டு. கிருமி வளரும்போது பழைய பிணைப்புகளை அறுத்து, புதுச் சரங்களைச் சேர்த்து, மறுபடி முடிச்சிடும்.

1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த பென்சிலின் இங்கேதான் கை வைக்கிறது. முடிச்சுப் போடும் வேலையை அது தடுத்துவிடுகிறது. அறுப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுபோகிறது. வலை நைந்து கிருமி வெடித்துச் சாகிறது. நம் உடலின் செல்களுக்கு இத்தகைய சுவர் இல்லாததால் அவை வெடிப்பதில்லை. ஆனாலும் சிலருக்குப் பென்சிலின் ஒவ்வாது. அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தாய்மார்களே! சாதாரண சளியை உண்டாக்குவது வைரஸ். அதற்கு இந்தச் சுவர் கிடையாது. எனவே சளி பிடித்த பிள்ளைக்குப் பென்சிலின் கொடுப்பது வீண். வீண் மட்டுமல்ல, கேடும்கூட. மருந்தின் பிடியில் சிக்காமல் முடிச்சுப் போடத் தெரிந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளும் உண்டு. கண்டபடி மருந்து சாப்பிட்டால் மற்றவை மடிந்து, இவை மட்டும் தப்பிப் பெருகும். நாளை பிள்ளையின் கால் புண் சீழ் பிடிக்கும்போது அந்த மருந்து உதவாமல் போகலாம்.

ஆகவே பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் தந்ததை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள்.